ஒரு தடியின் நீளம்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜேர்மனியின் எசன் பக்கத்திலிருந்து ஒரு அக்கா தொலைபேசி எடுத்தார். இந்தச் சஞ்சிகையை முதல் இதழிலிருந்து படித்து வருபவர். சுகம் விசாரித்து முடிந்ததும் விஷயத்துக்கு வந்தார். “தம்பி, கோயில் திருவிழா எழுதுறீங்கள், தமிழ்ப் பள்ளிக்கூடம் எழுதுறீங்கள், பென்சன் கணக்கும் எழுதிப்போட்டீங்கள். தெப்பிச் கழுவுற தடியைப் பற்றி ஒருக்கா எழுதினால் என்ன?”

தெப்பிச் என்றால் இங்கே கம்பளம். நான் சிரித்துவிட்டேன். மறுமுனையில் சிரிப்பு இல்லை.

அக்கா வேலை செய்வது ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில். நான்கு மாடி, நடைவழியெல்லாம் சாம்பல் நிறக் கம்பளம். துப்புரவு நிறுவனம் புதிதாக ஒரு கம்பளம் கழுவும் இயந்திரம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. இயந்திரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக உறிஞ்சுகிறது. குறையெல்லாம் அதனோடு வந்த தடியில். ஆறடி உயர ஆளை நினைத்து வளைத்த உருக்குக் குழாய் அது. அக்கா ஐந்தடிக்கு ஒரு விரற்கடை கூட. தண்ணீர் விடும் விசையை அமுக்குவதற்கே அவருடைய முழங்கை தோள் உயரத்துக்கு எழும்ப வேண்டும். அந்த நிலையிலேயே தடியைப் பின்னால் இழுக்க வேண்டும், இரண்டு மணித்தியாலம். “வீட்டை வந்து தலை பின்னக் கை எழும்புதில்லை, தம்பி.”

அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தத் தடியை எனக்கும் தெரியும். ஆசிரியர் என்று இந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஆறு வருடம் புட்சன் வேலை செய்தவன் நான். புட்சன் ஜேர்மன் மொழியில் துப்புரவாக்குவதைச் சொல்லும் ஒரு வினைச்சொல். நம் வாய்க்குள் வந்ததும் அது ஒரு தொழிலின் பெயராகி, “அவர் எங்கை?” “புட்சனுக்குப் போட்டார்” என்று வேற்றுமை உருபும் ஏற்றுக்கொண்டுவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நம்மவர்களில் பலர் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் வந்தார்கள். 1985இல் அந்த வழி அடைபட்டது. வந்தவர்களுக்கு வேலை செய்யும் அனுமதி கிடைக்கவே வருடங்கள் எடுத்தன. அது கைக்கு வந்தபோது அநேகருக்குத் திறந்த முதல் கதவு உணவகத்தின் குசினிக் கதவு, இல்லையென்றால் ஏதோ ஒரு கட்டடத்தின் பின்கதவு. இப்போது நம் பிள்ளைகள் அதே கட்டடங்களின் முன்கதவால் போகிறார்கள். ஆனால் பின்கதவால் போகிறவர்களும் நம்மில் இன்னும் இருக்கிறார்கள், இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் நாளெல்லாம் கையில் பிடித்திருக்கும் பொருளைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை என்று அந்தத் தொலைபேசி சொல்லிற்று.

ஊரில் கூட்டுவதற்கு இரண்டு சாமான் இருந்தன. முற்றம் கூட்ட ஈர்க்கு விளக்குமாறு, குனிந்து கூட்ட வேண்டும். வீட்டுக்குள் தும்புத்தடி, நிமிர்ந்து நின்று கூட்டலாம். எங்கள் வீட்டில் புதுத் தும்புத்தடி வாங்கினால் அப்பா முதலில் செய்யும் வேலை, அம்மாவை அதன் பக்கத்தில் நிற்கச் சொல்லி, அளவு பார்த்து, மிச்சத்தைக் கத்தியால் தறித்துவிடுவது. அது பெரிய அறிவென்று அப்போது தெரியாது. உருக்குக் குழாயைத் தறிக்க முடியாது. அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

இந்த நாட்டில் கம்பளமும் அதைத் துப்புரவாக்கும் கருவியும் ஒரே வீட்டில் பிறந்த கதை ஒன்று உண்டு. வூப்பர்டால் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். 1883இல் பார்மன் நகரில் (இன்று அது வூப்பர்டாலின் ஒரு பகுதி) ஃபோர்வெர்க் என்ற கம்பள ஆலை தொடங்கியது. பிறகு அந்த நிறுவனம் கிராமபோன் பெட்டிகளுக்கு மோட்டாரும் செய்தது. வானொலி வந்து கிராமபோன் வியாபாரம் படுத்ததும், அந்த மோட்டாரை என்ன செய்வதென்று யோசித்த பொறியியலாளர் எங்கெல்பெர்ட் கோரிஸன், அதற்கு ஒரு நீண்ட பிடியையும் உறிஞ்சும் வாயையும் பூட்டினார். பாட்டுப் பெட்டி தூசி உறிஞ்சியாயிற்று. 1930 முதல் வீட்டுக்கு வீடு கதவைத் தட்டி விற்கத் தொடங்கினார்கள். பெயர் கோபோல்ட். ஜேர்மன் கிராமியக் கதைகளில் வீட்டுக்குள் திரியும் ஒரு குட்டிச்சாத்தான் அது. நல்ல நேரத்தில் வேலை செய்து தரும், கோபம் வந்தால் சட்டி பானையை உருட்டும். தங்கள் கருவிக்கு அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

ஆனால் அக்காவின் சிக்கல் தூசி உறிஞ்சியில் இல்லை, கழுவும் இயந்திரத்தில். ஷ்ப்ரூ எக்ஸ்ட்ராக்ட்ஸியோன் என்று நீட்டிச் சொல்வார்கள். தெளித்து உறிஞ்சுவது, அவ்வளவுதான். இயந்திரத்துக்குள் இரண்டு தொட்டி. ஒன்றில் நல்ல தண்ணீரும் மருந்தும். அதைப் பம்பு தள்ள, தடியின் அடியிலுள்ள சின்னத் துவாரம் விசிறி போலக் கம்பளத்துக்குள் பீச்சுகிறது. அதே தலையிலுள்ள உறிஞ்சும் வாய் உடனடியாக அழுக்குத் தண்ணீரை இழுத்து இரண்டாவது தொட்டிக்கு அனுப்புகிறது. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் வின்னென்டனில் இருக்கும் கேர்ஷர் நிறுவனம் தன்னுடைய இந்த வகை இயந்திரத்துக்குப் புட்ஸி என்று பெயர் வைத்திருக்கிறது. நம் புட்சனைச் செல்லமாகக் கூப்பிட்டது போல. பெயர் எவ்வளவு செல்லமாக இருந்தாலும் பத்து லிட்டர் தண்ணீர் பத்துக் கிலோதான், எந்த நிறுவனத்தின் தொட்டியிலும்.

இனித் தடி. முன்னால் தள்ளும்போது தண்ணீர் விடுவதில்லை. உங்களை நோக்கி இழுக்கும்போதுதான் விசையை அமுக்கித் தெளிக்க வேண்டும். தெளித்த அதே தடத்தில் விசையை விட்டுவிட்டு இன்னும் ஒன்றோ இரண்டோ முறை வெறுமனே இழுத்து, மிச்சத் தண்ணீரை எடுக்க வேண்டும். இழுவைதான் வேலையின் உயிர். அப்படி இழுக்கும்போது தலையின் உதடு கம்பளத்தில் ஒரு பக்கமும் எழும்பாமல் தட்டையாகப் படிய வேண்டும். குழாயை ஆங்கில எஸ் எழுத்துப் போல இரண்டு இடத்தில் வளைத்திருப்பது அதற்காகத்தான். கை இடுப்புக்குச் சற்று மேலே இருக்கும்போது தலை தரையில் சமமாக இருக்கும்படி அந்த வளைவைக் கணக்குப் பண்ணியிருக்கிறார்கள்.

யாருடைய இடுப்பு? அங்கேதான் அக்காவின் தோளும் கம்பளமும் ஒன்றாக மாட்டிக்கொள்கின்றன. கட்டையான ஆள் நீளத் தடியைப் பிடித்தால் இரண்டில் ஒன்றுதான் செய்யலாம். தலை தட்டையாக இருக்கட்டும் என்று கையைத் தோள் வரை தூக்கலாம், தோள் போகும். கையை இறக்கிப் பிடிக்கலாம், அப்போது குழாய் சரிந்து தலையின் ஒரு விளிம்பு எழும்பும். எழும்பின இடத்தால் காற்று ஓடிவிடும். உஸ் என்ற சத்தம் மாறும், அனுபவப்பட்ட காதுக்குத் தெரியும். தண்ணீர் கம்பளத்துக்குள்ளேயே கிடக்கும். அடுத்த நாள் காலையில் சப்பாத்தோடு நடக்கிறவர்களின் அழுக்கெல்லாம் அந்த ஈரத்தில் ஒட்டும். அடியிலிருக்கும் பழைய அழுக்கும் காயக்காய நூல் வழியே மேலே ஏறும். “நேற்றுத்தானே கழுவினீர்கள்?” என்று மேற்பார்வையாளர் கேட்பார். மருந்தைக் குறை சொல்வார்கள், இயந்திரத்தைக் குறை சொல்வார்கள், கடைசியில் கழுவினவரைக் குறை சொல்வார்கள். தடியின் நீளத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. வசதியான தடி என்பதை ஏதோ சொகுசுச் சாமான் போல நினைக்கும் கொள்முதல் அலுவலர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: பிடிக்கிறவருக்குப் பொருந்தாத தடி, கம்பளத்தையும் துப்புரவாக்காது.

டுசல்டோர்ஃபில் ஹென்கல் நிறுவனத்தில் வேலை செய்த ஹெர்பெர்ட் ஸின்னர் 1959இல் ஒரு வட்டம் வரைந்தார். இங்கே மூன்று வருடம் படித்துக் கட்டடத் துப்புரவாளர் பட்டம் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வட்டம் மனப்பாடம். அழுக்குப் போவதற்கு நான்கு வேண்டும்: மருந்து, உரசல், சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்ட வேண்டும், வட்டம் நிறைந்தே ஆக வேண்டும். உடுப்புத் தோய்க்கிற எந்த அம்மாவும் இதைச் சொல்லியிருப்பார், வட்டம் வரைந்திருக்க மாட்டார். இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தத் தொழிலில் மணித்தியாலத்துக்கு இத்தனை சதுர மீற்றர் என்று கணக்கு வைக்கிறார்கள். கணக்குக் கூடக்கூட நேரத்தின் துண்டு சுருங்குகிறது. மென்மையான கம்பளத்துக்கு மருந்தையும் சூட்டையும் கூட்ட வழியில்லை. மிஞ்சுவது உரசல். இயந்திரத்தில் சுழலும் தூரிகை இல்லையென்றால் அந்த உரசலைத் தருவது யார்? அக்காவின் வலது தோள். ஸின்னரின் வட்டத்தில் அதற்கென்று தனித் துண்டு இல்லை.

சரி, தடி வாங்கப் போகிறவருக்கு (அல்லது வாங்கித் தரும்படி கேட்கப் போகிறவருக்கு) என்ன சொல்லலாம்? விலைப்பட்டியலைப் பிறகு பாருங்கள். முதலில் வேலைக்குப் போடும் சப்பாத்தோடு நேரே நின்று தடியைப் பிடித்துப் பாருங்கள். தலை தரையில் தட்டையாக இருக்கும்போது, பின்கை இடுப்பெலும்பு அளவில் இருக்க வேண்டும், முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும், தோள் தன்பாட்டில் தொங்க வேண்டும். நீளம் மாற்றக்கூடிய குழாயும், மேலும் கீழும் நகர்த்திப் பூட்டக்கூடிய முன்பிடியும் இருந்தால் ஒரே தடியைப் பலர் பாவிக்கலாம். பிறகு விசையை அமுக்கிப் பாருங்கள். ஒற்றை விரலால் அமுக்கும் பொத்தான் கடையில் நிற்கும்போது இலேசாகத்தான் இருக்கும். முந்நூறாவது முறை அமுக்கும்போதுதான் அதன் சுயரூபம் தெரியும். உள்ளங்கை முழுவதாலும் நெரிக்கும் நீளமான நெம்பு நல்லது. பிடியின் தடிப்பும் முக்கியம், சின்னக் கை ஒன்று தடித்த பிடியை இறுக்கியே வைத்திருந்தால் மணிக்கட்டுத்தான் பதில் சொல்லும்.

தலையின் அகலத்தில் அநேகர் ஏமாறுகிறார்கள். அகலம் கூடினால் வேலை கெதியில் முடியும் என்ற எண்ணம். இயந்திரத்தின் உறிஞ்சும் பலம் ஒன்றுதான். அகலமான வாயில் அதே பலம் பரவி மெலிகிறது. சின்ன இயந்திரத்துக்குச் சின்னத் தலைதான் காயவைக்கும். உதட்டின் அடியில் வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று பூட்டியிருந்தால் இழுவைப் பாரம் நன்றாகக் குறையும். ஈரக் கம்பளத்தில் அதோடும் அது இல்லாமலும் ஒரு தரம் இழுத்துப் பார்த்தவர் பிறகு அது இல்லாத தடியைத் தொடமாட்டார்.

இன்னொன்று, நானே பட்டது. ஒரு காலத்தில் நான் கழுவின நடைவழியெல்லாம் புலிக்குட்டி போல வரிவரியாக இருந்தது. இரண்டு கிழமை பேச்சு வாங்கினேன். கடைசியில் ஒரு பழைய தொழிலாளி தடியைக் கவிழ்த்துத் துவாரத்தைக் காட்டினார். அரிசி மணி அளவில் வெள்ளையாகக் கல்க், அதாவது சுண்ணாம்பு, அடைத்திருந்தது. ஜேர்மனியின் பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் கடினமானது, தேத்தண்ணிக் கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். துவாரம் அரைவாசி அடைபட்டால் விசிறி உடைந்து, ஓரிடம் குளமாகவும் பக்கத்திடம் காய்ந்தும் கிடக்கும். துவாரத்தைக் கழற்றி சித்திரிக் அமிலம் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டால் போய்விடும். ஊசியால் குத்தவேண்டாம், துவாரம் விரிந்தால் விசிறி பிறகு நேராகாது.

வீட்டில் தூசி உறிஞ்சி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. “வொட் கூடினால் நன்றாக இழுக்கும்” என்று நம் வீடுகளில் இன்னும் கதைப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டெம்பரில் வீட்டுத் தூசி உறிஞ்சிகளுக்கு 1600 வொட் என்று எல்லை போட்டது, 2017 செப்டெம்பரில் அதை 900 ஆக இறக்கியது. அப்போது பழைய பெரிய மோட்டார்களைத் தேடி வாங்கிப் பதுக்கியவர்களில் என் மச்சானும் ஒருவர். 900 வொட் இயந்திரங்கள் பிறகு நன்றாகவே இழுத்தன, தயாரிப்பாளர்கள் மோட்டாரை விட்டு வாயையும் காற்றுப் பாதையையும் திருத்தத் தொடங்கியதால். வாங்கும்போது மோட்டாரைப் பார்த்துவிட்டுத் தலையைப் பார்க்காமல் வராதீர்கள். தூசி உறிஞ்சியின் நீட்டிக் குறுக்கும் குழாயை அநேகர் வாங்கிய நாளில் இருந்த அளவிலேயே விட்டுவிடுகிறார்கள். கணவன் இழுத்தால் ஒரு நீளம், மனைவி இழுத்தால் ஒரு நீளம். (கணவன் இழுக்கும் வீடுகளைச் சொல்கிறேன்.)

வாடகை வீட்டைக் கையளிக்குமுன் கடையில் கழுவும் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக் கம்பளத்தைக் கழுவிக்கொடுக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, நம் குசினிக்கே உரியது. கறி கொட்டின மஞ்சள் கறையில் காரத்தன்மையுள்ள மருந்து பட்டால் அந்த இடம் இரத்தச் சிவப்பாக மாறும். பயந்து இன்னும் மருந்தை ஊற்றாதீர்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டு ஆலாத்தி கரைக்கிறோமே, அதே வேலைதான் கம்பளத்தில் நடக்கிறது. கொஞ்சம் வினாகிரித் தண்ணீரால் ஒற்றினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். அந்த மஞ்சளை வெளிறச் செய்வது வெயில். தூக்கக்கூடிய விரிப்பென்றால் ஜன்னலடியில் சில நாள் போட்டுப் பாருங்கள். ஒட்டின கம்பளமென்றால் மேசையை அந்த இடத்துக்கு நகர்த்துவதுதான் நம் பாரம்பரிய வைத்தியம், வீட்டுக்காரர் அதை அறிவார்.

மீண்டும் அக்காவின் தோளுக்கு வருகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லாமல் விட முடியாது. கைவிரல் விறைப்பையும் தோள் நோவையும் “வயசு” என்று எண்ணெய் பூசிக்கொண்டு இருப்பது நம் வழக்கம். இந்த நாட்டின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கும் நோய் 2015இல் சேர்க்கப்பட்டது, அதன் எண் 2113. தோள்மூட்டின் தசைநார்கள் சேதப்படுவது 2025இல் சேர்ந்தது, எண் 2117. நோ வந்த எல்லோருக்கும் இது பொருந்தாது. எவ்வளவு காலம், எவ்வளவு பாரம், எப்படிப்பட்ட அசைவு என்று கணக்கெல்லாம் பார்ப்பார்கள். ஆனால் வைத்தியரிடம் போகும்போது “தோள் நோகுது” என்று மட்டும் சொல்லாமல், என்ன வேலை, எந்தத் தடி, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் என்று சொல்லுங்கள். தொழில்சார் நோய் என்ற சந்தேகம் வந்தால் அதை அறிவிக்க வேண்டியது வைத்தியரின் கடமை. நீங்களே அறிவிக்கவும் முடியும். துப்புரவுத் தொழிலுக்குரிய விபத்துக் காப்புறுதி அமைப்பு பேகே பௌ. வேலையில் என்ன ஆபத்து இருக்கிறதென்று மதிப்பிட்டுச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பு 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளியுடையது. பொருந்தாத தடியும் அதில் அடக்கம். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

கேட்பது ஏன் கஷ்டமாக இருக்கிறதென்றும் எனக்குத் தெரியும். கேள்ன் நகரத்தில் ஒரு பழைய கதை. ராத்திரியில் குட்டி மனிதர்கள் வந்து ஊர் வேலையெல்லாம் செய்துவிட்டு விடியுமுன் மறைந்துவிடுவார்களாம். ஒரு தையற்காரரின் மனைவி அவர்களைப் பார்க்க ஆசைப்பட்டுப் படியில் பட்டாணி கொட்டிவைக்க, வழுக்கி விழுந்தவர்கள் பிறகு வரவேயில்லை. பேராலயத்துக்குக் கிட்ட அவர்களுக்கு ஒரு நீரூற்றுச் சிலை இருக்கிறது. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு வந்து, எல்லோரும் வருமுன் போய்விடுகிறவர் யாரிடம் போய்த் தடி நீளம் என்று சொல்வது? பகலில் துப்புரவு செய்ய விடுங்கள் என்று தொழில் வட்டாரத்திலேயே இப்போது குரல் எழுகிறது. நல்லது. ஆனால் கம்பளம் கழுவும் வேலை பகலுக்கு அவ்வளவு இலகுவில் வராது, காய்வதற்கு மணிக்கணக்கு வேண்டும்.

இந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்புமுன் அக்காவுக்கு எடுத்தேன். நான் சொன்னபடி தன் மேற்பார்வையாளரிடம் கேட்டாராம், ஜேர்மன் சரியாக வராத இடத்தில் தடியைத் தூக்கிப் பிடித்தே காட்டினாராம். விற்பனைக்காரர் மூன்று தடி கொண்டுவந்து இரண்டு நாள் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அக்கா தெரிந்தெடுத்தது கட்டையானதை, நெம்பு வைத்தது. அடுத்த கிழமை அதே இயந்திரத்தை எடுத்த ஆறடிப் போலந்துத் தம்பி, முதுகு முறியுது என்று சத்தம் போட்டிருக்கிறார். இப்போது அந்தச் சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு தடி தொங்குகின்றன. சிவப்பு ரேப் சுற்றினது அக்காவினுடையது.

அன்புடன்,
ஆசிரியர்